எலுமிச்சை வேரில் தேங்கிய தண்ணீர்

கச்சிராயபாளையத்தில் என் எலுமிச்சை மரங்கள் ஒவ்வொன்றாகக் காய்ந்தன. பக்கத்துக் கரும்புக்காரர் அடித்த களைக்கொல்லிதான் காரணம் என்று டீக்கடையில் பத்துப் பேர் முன்னால் அவரைத் திட்டினேன். அவர் டீயைப் பாதியிலேயே வைத்துவிட்டு எழுந்து போனார்.

மறுவாரம் தோட்டக்கலை அதிகாரி வந்து ஒரு மரத்தடியைத் தோண்டினார். வேரின் தோல் கையோடு உரிந்து வந்தது.

“மருந்தால இல்லீங்க. தண்ணி ஜாஸ்தியா தேங்கி, அதுல பரவுற பூஞ்சாணம் வேரை அழுக வச்சிருக்கு. வடிகால் வெட்டுங்க” என்றார்.

தினமும் தண்ணீர் பாய்ச்சியவன் நான்தான். வடிகாலோ கரும்புக்காரர் நிலத்தின் வழியாகத்தான் போக முடியும். அவர் வீட்டு வாசலில் நின்று, தலை குனிந்தபடி விஷயத்தைச் சொன்னேன்.

“இன்னாத்துக்கு வெளியவே நின்னுகினு இருக்கீங்க? உள்ள வாங்க. நாளைக்கே வெட்டிக்குங்க” என்றார்.

பாதி மரங்கள் பிழைத்தன. அவரிடம் இன்றுவரை வாய்விட்டு மன்னிப்புக் கேட்கவில்லை.