ஊசியா குழாயா என்று பூக்கட்டிப் பார்த்தேன்

போன ஆடி மாதம் என் கணவரை இழந்துவிடுவேன் என்றே நினைத்தேன். மகாதேவரை நம்புகிற உங்களிடம் அதைச் சொல்லாமல் இருக்க மனம் வரவில்லை.

வலியசாலையில், மகாதேவர் கோயிலுக்கு அருகே எங்கள் வீடு. இவருக்கு வங்கியில் வேலை. விடாத காய்ச்சல், வலது விலாவுக்குக் கீழே வலி என்று படுத்தார். ஸ்கேன் எடுத்ததில் கல்லீரலில் பெரிய சீழ்க்கட்டி என்றார்கள். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

சீழை எடுக்க இரண்டு வழி உண்டு என்று டாக்டரம்மா விளக்கினார். ஊசியால் குத்தி ஒரே முறையில் உறிஞ்சிவிடலாம். இல்லையென்றால் மெல்லிய குழாய் வைத்து, வெளியே ஒரு பையில் சில நாள் வடியவிடலாம்.

"கட்டி வலுதாணு அம்மா, ரொம்பப் பெரிசு. ஊசின்னா திரும்ப நிறையலாம். டியூப் வச்சா நல்லது, கேட்டோ" என்றார், மலையாளம் கலந்த தமிழில்.

இவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "சீழ்ப்பையைத் தொங்க விட்டுண்டு நான் எப்படி சுவாமி முன்னாடி உக்கார்றது? ஊசியே போதும்."

எனக்கு முடிவெடுக்கத் தெரியவில்லை. கல்யாணம் பேசுவதிலிருந்து வீடு மாறுவது வரை எங்கள் குடும்பத்தில் எல்லாமே பூக்கட்டிப் பார்த்துத்தான். ஊசிக்கு நந்தியாவட்டை, குழாய்க்குச் செவ்வரளி என்று வாழையிலைத் துண்டுகளில் ஒரே மாதிரி மடித்தேன். மகாதேவர் சந்நிதியில் வைத்து வாங்கி, ஆஸ்பத்திரிக்கே கொண்டுபோய் இவரிடம் நீட்டினேன். ஒன்றை எடுத்துப் பிரித்தார். வந்தது வெள்ளைப் பூ. அந்தக் காய்ச்சலிலும் இவருக்கு ஒரு சிரிப்பு. ஊசியே போதும் என்று டாக்டரம்மாவிடம் சொன்னோம்.

"சரி, ஒரு தடவை நோக்காம்" என்றார் அவர், அரை மனதாக.

காய்ச்சல் இறங்கியது. அப்பாடா என்று தெருவெல்லாம் சொல்லி முடிப்பதற்குள் மறுபடி குளிரெடுத்து நடுங்கினார். கட்டி திரும்ப நிறைந்துவிட்டது. இந்த முறை இரத்த அழுத்தமும் இறங்கியது. நீ கொடுத்த பூதானே என்று மகாதேவரிடம் சண்டை போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று அழுதேன்.

"இன்னொரு தரம் பூ பாத்துடேன்" என்றார் இவர். குரலே எழும்பவில்லை.

"வேண்டாம்னா. டாக்டர் முதல்லயே சொல்லிட்டா. பதில் தெரிஞ்ச கேள்வியைப் போய் சுவாமிகிட்ட கேட்டுண்டிருந்தோம்."

சொன்ன பிறகுதான் எனக்கே அது உறைத்தது.

குழாய் வைக்க இவரை உள்ளே அழைத்துப் போனார்கள். அன்றுதான் நான் ஒழுங்காகப் பிரார்த்தித்தேன் என்று சொல்ல வேண்டும். எதையும் தேர்ந்தெடுத்துத் தரச் சொல்லவில்லை. இவரை எனக்குத் திருப்பிக் கொடு, அவ்வளவுதான் கேட்டேன்.

சீழ் மெல்ல மெல்ல வடிந்தது. காய்ச்சல் விட்டது. ரசம் சாதம் வேண்டும் என்று வாய் திறந்து கேட்டார். பையோடு வீட்டுக்கு வந்தவர் பூஜை அறை வாசலில் தயங்கி நின்றார். "உள்ள வாங்கோ. உங்களுக்கு வேணும்னுதான் சுவாமி அந்தப் பையைக் கொடுத்திருக்கார்" என்றேன். வந்து உட்கார்ந்தார். இருவருக்கும் கண் நிறைந்துவிட்டது.

இப்போது குழாயும் இல்லை, மருந்தும் இல்லை. வங்கிக்குப் போய் வருகிறார். சாம்பாரில் உப்பு போதாது என்கிறார். கேட்கச் சந்தோஷமாக இருக்கிறது.

உங்கள் வீட்டிலும் யாராவது படுத்திருக்கலாம். வைத்தியத்தை வைத்தியரிடம் கேளுங்கள். உயிரை மகாதேவரிடம் கேளுங்கள், கூச்சப்படாமல் கேளுங்கள். எனக்குக் கொடுத்தார்.