இருநூற்று ஆறாம் வரி

“பேரு வேண்டாம், ரத்ததான அட்டையில இருக்கிற நம்பரைச் சொல்லுங்க” என்று கேட்டுவிட்டு, தொலைபேசியைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொள்கிறார் லிஸ்ட் அக்கா. ரத்த வங்கியில் அவருக்கு அதுதான் பெயர். அரிய வகை ரத்தம் உள்ள நானூற்றுப் பன்னிரண்டு பேர், ஆளுக்கு ஒரு வரியாக, அவர் கணினியில் ஒரு சாதாரண உரைக் கோப்பில் இருக்கிறார்கள். ஒரே பெயரில் நாலு பேர் இருப்பதால் பெயரை அவர் நம்புவதில்லை.

யாராவது வீடு மாறினால் அந்த ஒரு வரியைத் திருத்த வேண்டும். நான்கு வருடத்துக்கு முன் பைத்தான் என்ற கணினி மொழியில் எழுதிய அவருடைய நிரல் அப்படித்தான் ஒன்றைத் திருத்தி, பழைய கோப்பின் மேலேயே எழுதிக்கொண்டிருந்தது. பாதியில் மின்சாரம் போயிற்று. திரும்ப வந்தபோது மிச்சம் முப்பத்தேழு வரிகள். அன்றைக்குப் பார்த்துப் பிரசவ அறையிலிருந்து அரிய ரத்தம் கேட்டு ஆள் ஓடிவந்தது. நினைவில் இருந்த தொலைபேசி எண்களையெல்லாம் அழைத்து, ஆறு மணி நேரம் கழித்து ஒருவரைப் பிடித்தார். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். அக்காவை யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் அவரை அரித்தது. பழைய விண்ணப்பங்களைத் தூசி தட்டிப் பட்டியலை மீட்க மூன்று மாதம் பிடித்தது.

இப்போது நிரல் பழைய கோப்பில் கை வைப்பதே இல்லை. பக்கத்தில் புதிதாக ஒன்றைத் திறந்து, எல்லா வரிகளையும் அப்படியே எழுதுகிறது; கேட்ட எண் வரும்போது மட்டும் திருத்திய வரியை வைக்கிறது. இரண்டிலும் வரிக்கணக்கு ஒத்துப்போனால்தான் ‘மாற்றலாமா?’ என்று கேட்கும். அக்கா சரி என்ற பிறகே புதியது பழையதன் இடத்தில் உட்காரும். “புதுச் செருப்பு காலுக்குச் சேருதான்னு பாத்துட்டுத்தானே பழசைக் கழட்டிப் போடறோம்” என்பார்.

“இருநூத்தி ஆறு” என்றது மறுமுனையில் ஒரு பெண்ணின் குரல். “எங்க வீட்டுக்காரரு. இனிமே அவரைக் கூப்பிடாதீங்கம்மா. போய் ரெண்டு வாரமாச்சு. நேத்து உங்க ஆளுங்க கூப்பிட்டப்ப சின்னவ எடுத்துட்டா.”

அக்கா விசைப்பலகையை முன்னால் இழுத்தார். “மன்னிச்சிருங்கம்மா. இப்பவே மாத்திடறேன், லைன்லயே இருங்க.”

“வரியையே எடுத்துடுங்களேன்க்கா” என்றார் பக்கத்து மேசை லேப் டெக்னீஷியன். அக்கா தலையசைத்து மறுத்தார். வரியின் கடைசிப் பகுதியில் மட்டும் ‘அழைக்க வேண்டாம்’ என்று தட்டினார். பழையதில் நானூற்றுப் பன்னிரண்டு, புதியதிலும் நானூற்றுப் பன்னிரண்டு. சரி கொடுத்தார்.

“மாத்திட்டேம்மா. இனி யாரும் கூப்பிட மாட்டாங்க.”

“அவரு எத்தனை தடவை ரத்தம் கொடுத்தாருன்னு அதுல இருக்குமா?”

“பத்தொன்பதும்மா.”

“எங்கிட்ட ஏழுன்னுதான் சொல்லியிருந்தாரு” என்றவர், “சரிம்மா” என்று வைத்துவிட்டார்.

அக்கா கோப்பை மறுபடி திறந்தார். திரையில் விரல் வைத்து இருநூற்று ஆறுக்கு மேல் வரியைப் படித்தார், கீழ் வரியைப் படித்தார். இரண்டும் இருந்தபடியே இருந்தன. பிறகு நடு வரிக்கு வந்த விரலை, அடுத்த அழைப்பு மணி இரண்டு முறை அடிக்கும்வரை எடுக்கவில்லை.