ஆளுக்கு ஒரு வரி

ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் கணினி வேலை பார்த்தேன். தகடு அழுத்தும் பிரஸ் மெஷினுக்கான பாதுகாப்பு விதிகளை மேனேஜரும் சேஃப்டி ஆபீசர் நசீரும் தனித்தனிப் பிரதியில் திருத்தித் தந்தார்கள். இரண்டையும் வேர்டில் ஒன்றாக்கி, எல்லாத் திருத்தங்களையும் ஒரே கிளிக்கில் ஏற்று, அச்செடுத்து மெஷினில் ஒட்டக் கொடுத்தனுப்பினேன்.

மிச்சமிருந்த நகலை அப்புறம்தான் படித்தேன். ‘கையை உள்ளே விடுமுன் மெஷினை நிறுத்தவும்’ என்ற வரியே இல்லை! ஓடினேன். புதிதாய்ச் சேர்ந்தவர் தாளைப் பார்த்துக்கொண்டே, ஓடும் மெஷினுக்குள் கையை நீட்டினார். கத்திக்கொண்டே சிவப்பு பட்டனை அடித்தேன். விரல்கள் தப்பின.

“அந்த வரி ரெண்டு எடத்துல இருந்துச்சும்மா. ஒண்ணு போதும்னு மேல இருந்ததை அடிச்சுட்டேன்,” என்றார் மேனேஜர்.

நசீர் தன் பிரதியைப் புரட்டினார். “நான் கீழ இருந்ததை அடிச்சுட்டேனே சார்.”

இருவர் திருத்தமும் சரிதான். இரண்டும் சேர்ந்தபின் என்ன மிஞ்சியது என்று பார்க்கும் இடத்தில் இருந்தவள் நான் ஒருத்திதான்.