நான் மினுக்கிய செப்புக்காசு

இரண்டு நூற்றாண்டுக்கு முந்திய அமெரிக்கச் செப்புக்காசை முதன்முதல் கையில் எடுத்தபோது எனக்குத் தோன்றியது ஒன்றே ஒன்றுதான்: என்ன ஊத்தை! ஒரு டொலர் குத்திக்காசைவிடச் சற்றுப் பெரியது; கருகிய தோசைபோல நிறம். அப்படிப் பன்னிரண்டு காசுகள், வோபர்ன் வீட்டில் என் மாமனாரின் மேசை லாச்சிக்குள் கிடந்தன.

அப்போது நான் கல்யாணமாகி வந்து ஒன்றரை மாதம். மாமியார் இல்லாத வீடு. கணவரும் மாமாவும் விடிய வேலைக்குப் போனால் வெளியே பனி, உள்ளே நான். வாயைத் திறந்தால் அழுதுவிடுவேன் என்று பேசாமலே திரிந்தேன். பொங்கலுக்கு முதல்நாள் குத்துவிளக்கைப் பழப்புளியும் உப்பும் போட்டு மினுக்கியபோது, மிச்சப் புளியை ஏன் வீணாக்குவான் என்று லாச்சியைத் திறந்தேன். தொட்ட வேலையில் குறை வைக்கிறவள் அல்ல நான். ஒரு காசில் மட்டும், பெண் தலையின் கழுத்தடியில் மயிரிழைபோல ஒரு கோடு போகமாட்டேன் என்று நின்றது. கம்பிநாரை எடுத்து அதையும் தேய்த்துத் தீர்த்தேன்.

வேலையால் வந்த மாமா, ஜன்னலோரம் துவாயில் வரிசையாக மின்னிய காசுகளைக் கண்டு, கழற்றிய ஓவர்கோட்டைக் கையில் பிடித்தபடியே நின்றார். பிறகு பூதக்கண்ணாடியால் அந்த ஒரு காசை வெகுநேரம் பார்த்தார்.

“உது என்னண்டு இவ்வளவு மினுங்குது?”

“பழப்புளி மாமா!” என்றேன், வாயெல்லாம் பல்லாக.

“வடிவாக் கிடக்கு பிள்ளை,” என்றார்.

நாலு வருடம் அந்தப் பாராட்டை நம்பி இருந்தேன். பிறகொரு நாள் மாமாவை நாணயக் கண்காட்சிக்குக் கூட்டிப்போனேன். அங்கே ஒரு வியாபாரி, கழுவிய செப்புக்காசு என்று யாரோ கொண்டுவந்ததைத் தொடவே மறுத்தார். செம்பின் பழைய தோலை உரித்தால் மிஞ்சுவது வெறும் செம்புத் துண்டுதானாம். அந்தக் காலத்தில் காசு அடிக்கும் அச்சைக் கையாலேயே செதுக்கினார்களாம். அதனால் ஒன்றில் பின்பக்க இலைக்கொத்துக்கு ஒரு காய் கூடும், இன்னொன்றில் கூந்தல் ஒரு சுருள் குறையும். எந்த அச்சு என்று கண்டுபிடிப்பதுதான் மாமாவின் பைத்தியம். நான் தேய்த்த கோடு, அச்சு வெடித்ததால் காசில் எழும்பிய தழும்பு. அப்படியொரு தழும்புக்காக மாமா ஆறு வருடம் அலைந்ததை அந்த வியாபாரியே பேச்சோடு பேச்சாகச் சொன்னார். எனக்குக் காதெல்லாம் சுட்டது.

திரும்பும் வழியில், 401 நெடுஞ்சாலையில் கார் அஜக்ஸை நெருங்கும்போது கேட்டேன். “ஏன் மாமா அண்டைக்கே சொல்லேல்லை?”

“என்னத்தைச் சொல்லுறது? கெடுத்துத்தான் போட்டீர். எனக்கு அண்டைக்குச் சாப்பாடு இறங்கேல்லை. ஆனா இந்த வீட்டுக்கு வந்து நீர் சிரிச்சதை அண்டைக்குத்தான் பிள்ளை முதல் கண்டனான். பிறகு என்னண்டு சொல்லுறது?”

மாமா போய்ச்சேர்ந்து இரண்டு வருடம். அந்தப் பன்னிரண்டும் என்னிடம்தான் இருக்கின்றன. மெல்ல மெல்ல மறுபடி மங்கிவருகின்றன. போன கிழமை விட்பியிலிருந்து அவரோடு நாணயம் சேர்த்த கூட்டாளி ஒருவர் பார்க்க வந்தார். கழுத்தடிக் கோட்டை நான் தேய்த்தழித்த காசைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, எந்த மடையன் இந்த வேலை செய்தது என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

நான்தான் என்றேன். சொல்லும்போது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு அவருக்கு முன்னாலேயே அழுதேன்.