உடுத்திய பட்டு

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் தறிச் சத்தம் கேட்காத வீடு சபாபதியுடையது. நெசவுக்காரர் பிள்ளைதான், ஆனால் இன்ஜினியருக்குப் படித்து, பைக் கம்பெனி ஒன்றில் வண்டிகளின் பாதுகாப்பைச் சோதிக்கும் வேலைக்குப் போய்விட்டார். ஊர் வண்டிக்கெல்லாம் ஆபத்து எங்கே என்று தேடிய மனுஷன், தன் வண்டியைப் பார்க்காமல் விட்டார். 1994இல் வாலாஜாபாத் கல்யாணத்துக்கு மனைவி ஏலவார்குழலியைப் பின்னால் உட்காரவைத்துக் கிளம்பினார். வழியில் அவள் முந்தானை சக்கரத்தில் சுற்றிக்கொண்டது. திரும்பி வந்தது அவர் மட்டும்தான்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் பேச ஆளில்லை. தட்டில் போட்ட சோற்றை அப்படியே விட்டுவிட்டு எழுந்துபோய்க் கொல்லையில் வெல்டிங் வேலையில் உட்கார்ந்துவிடுவார். புடவை நுழையாதபடி பின்சக்கரத்தை மூடும் கம்பிவலை ஒன்றைச் செய்து, தெருவிலிருந்த பைக்குகளுக்கெல்லாம் சும்மாவே மாட்டிக் கொடுத்தார். கல்யாண சீசன் முடிவதற்குள் ஒவ்வொருவராகக் கழற்றிப் போட்டார்கள்.

“சரிகைய இழுக்குதுபா உன் வலை,” என்றாள் எதிர்வீட்டுத் தையல்நாயகி. அவருக்கு அக்கா முறை. “கட்டிக்கினு போன பொடவ நூல் நூலா தொங்குது. நல்லதுக்குத்தான் செஞ்ச, இல்லேங்கல. ஆனா யாருபா மாட்டுவாங்க?”

உயிர் பெரிதா, சரிகை பெரிதா என்று கத்த வாய்வரை வந்துவிட்டது. அப்புறம்தான் உறைத்தது. வலையைக் கம்பெனியில் அவர் சோதித்ததெல்லாம் நூல்புடவையில். நெசவுக்காரர் மகனுக்குச் சரிகை ஞாபகம் வரவில்லை, வெட்கக்கேடு!

வலையைத் தூக்கிப் போட்டுவிட்டுத் தகடு வளைத்தார். சோதித்துப் பார்க்கக் கடையில் வாங்கிய புதுப்பட்டு மொடமொடவென்று நின்றதே தவிர, காற்றில் பறக்கவில்லை. கட்டிக் கட்டித் துவண்ட பட்டுதான் சக்கரத்தைத் தேடிப் போகும். உடுத்திய பட்டைக் கிழிப்பதற்கென்று கேட்டால் காஞ்சிபுரத்தில் யார் கொடுப்பார்கள்?

பெட்டியில் ஒன்று இருந்தது. ஏலவார்குழலி தீபாவளிக்குத் தீபாவளி கட்டிய கூறைப்புடவை. அவள் வாசனை மிச்சமிருந்த ஒரே துணி. பெட்டியைத் திறப்பதும் மூடுவதுமாகப் பல நாள் போயிற்று. கடைசியில் மனதைக் கல்லாக்கிக்கொண்டு, பைக்கை ஸ்டாண்டில் நிறுத்தி, பின்சீட்டில் புடவையைக் கட்டி, ஃபேனைப் போட்டுச் சக்கரத்தை ஓடவிட்டார். கிழிந்தது. தகட்டின் ஓரத்தை மடித்தார். மறுபடியும் கிழிந்தது. ஓரத்தை அராவி அராவி, சரிகை சிக்காமல் வழுக்கிப் போனபோது, புடவையில் ஒரு முழம்தான் மிச்சம்.

அடுத்த முகூர்த்தத்தில் தையல்நாயகி, புதுத் தகடு மாட்டிய தன் மகனின் பைக்கிலிருந்து இறங்கி, முந்தானையை விரித்துக் காட்டினாள். “இந்தத் தபா ஒரு இழைகூட போகலபா!”

“சந்தோஷம்க்கா,” என்றார்.

உள்ளே போய் அந்த ஒரு முழத்தை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டார். கிரீஸ் வாசனைதான் அடித்தது.