முதலாளி போட்டுக்கொண்ட இரண்டாவது சாம்பிள்

திருப்பூரில் யார் கையில் பனியன் துணியைக் கொடுத்தாலும் முதலில் இரண்டு கையாலும் இழுத்துத்தான் பார்ப்பார்கள். விலை கேட்பதெல்லாம் அப்புறம். சாம்பிள் ரூம் இன்சார்ஜாக இத்தனை வருடம் இருந்த எனக்கும் அந்தக் கைதான். நெஞ்சுத் துடிப்பைப் பார்க்க நாங்கள் தைத்த பனியனின் முதல் சாம்பிளைக் கொன்றதும் அந்தப் பழக்கம்தான்.

எங்கள் முதலாளி பைபாஸ் ஆபரேஷன் ஆனவர். ஆஸ்பத்திரியில் துடிப்பு பார்க்க நெஞ்சில் ஒட்டியிருந்த பட்டைகளைப் பிய்த்தபோது முடியும் சேர்ந்து வந்ததாம். துடிப்பைப் பார்க்கும் பனியன் ஒன்றைத் தைத்தே தீருவது என்று அப்போது முடிவு செய்திருக்கிறார். மார்பில் படும் இடத்தில் வெள்ளி பூசிய நூலில் பின்னிய பட்டை. அதிலிருந்து கரண்ட் போகிற நூலால் ஒரு தையல், ஓரத்தில் வைத்த பிரஸ் பட்டன் வரை. பட்டனில் தீப்பெட்டி அளவுக் கருவி, துடிப்பை லேப்டாப்புக்கு அனுப்ப. கோயம்புத்தூரிலிருந்து நவீன் என்ற இன்ஜினியர் தம்பி லேப்டாப்போடு வந்திருந்தார்.

முதலாளி போட்டுக்கொண்டார். லேப்டாப்பில் வெறும் நேர்கோடு.

"என்னங்க தம்பி, நான் உசுரோடதானுங்க இருக்கறேன்?" என்றார்.

கழற்றிப் பார்த்தால் தையல் நூல் அறுந்திருந்தது. நிட்டிங் மாஸ்டர், செக்கிங் ஆட்கள், போடுவதற்கு முன் முதலாளி என்று ஒருவர் பாக்கியில்லாமல் இழுத்துப் பார்த்திருக்கிறார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. 'இழுக்கக் கூடாது' என்று அட்டை எழுதி மாட்டலாம் என்றார் நவீன்.

"துணின்னா இழுக்கத்தானுங்க செய்வாங்க. நோயாளி தலைவழியா மாட்டறப்ப பூவாட்டமா புடிப்பாரு?" என்றார் முதலாளி.

அவர் சொன்னது நியாயம். நவீனும் நானும் உட்கார்ந்து நேர்த் தையலை ஜிக்ஜாக் ஆக்கினோம், ஜட்டி எலாஸ்டிக்குக்குப் போடுவதுபோல. துணி நீண்டால் தையலும் கூடவே நீளும்.

இரண்டாவது சாம்பிளை நானே எல்லோரிடமும் கொடுத்து இழுக்கச் சொன்னேன். பிறகு முதலாளி போட்டார். கோடு ஏறி இறங்கியது. கைதட்டப் போகும்போது துடிப்பு தாறுமாறாக விழ ஆரம்பித்தது.

"மறுபடி நூல் அறுந்துருச்சாட்டங்க" என்று அவசரமாகக் கழற்றினார்.

நூல் அறுந்திருக்கவில்லை. "குடுங்கக்கா, நான் போட்டுப் பாக்கேன்" என்றான் எங்கள் தூத்துக்குடி டெய்லர் அந்தோணி. அவன் மார்பில் கோடு பிசகாமல் ஓடியது. மறுபடி முதலாளிக்குப் போட்டோம். பழையபடி தாறுமாறு.

"வேற சாம்பிள் தைங்க அம்மணி" என்றார் முதலாளி.

"பனியன் நல்லாத்தானுங்க இருக்குது. நீங்கதான் ஆஸ்பத்திரிக்குப் போகோணும்."

அவரிடம் அப்படி நான் பேசியதே கிடையாது. நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "ரெண்டு நாளா படபடங்குதுங்க. ஊட்ல சொல்லலைங்க" என்றார் மெதுவாக.

அன்றே கூட்டிப்போனோம். துடிப்பு தடுமாறுகிறது, நல்ல நேரத்தில் வந்தீர்கள் என்றார் டாக்டர்.

புதிதாக வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்: சாம்பிளைப் பயப்படாமல் இழுங்கள், சந்தேகப்படுங்கள். ஆனால் அது தேறிய பிறகு, நமக்குப் பிடிக்காததைச் சொல்கிறது என்பதற்காக அதன்மேல் பழி போடாதீர்கள்.

உடம்பு தேறி வந்த அன்று முதலாளி நேராக என் மேஜைக்கு வந்து அந்தப் பனியனைக் கையில் எடுத்தார். இழுக்கப்போகிறார் என்றே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் சட்டையைக் கழற்றி, பனியனை உள்ளே போட்டுக்கொண்டு வேலையைப் பார்க்கப் போனார்.