நீல நிறத்தில் ஒரு தாய்மாமன்

திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் நானும் என் கணவரும் ஒரு டி.டி.பி. சென்டர் வைத்திருந்தோம். ஃப்ளெக்ஸ் பேனர் வந்த புதிது. சடங்கு, கல்யாணம், கட்சிக்காரர் பிறந்தநாள் எல்லாவற்றுக்கும் எங்கள் ஒரே கம்ப்யூட்டரில்தான் டிசைன் போடுவோம். அச்சடிப்பது மட்டும் வேறு பிரஸ்.

அதன் மானிட்டர், முதுகு புடைத்த பழைய கண்ணாடி மானிட்டர், ஒரு நாள் மஞ்சளடித்துவிட்டது. மெக்கானிக் வந்து பார்த்தார்.

"நீலக் கலர் போயிக்கிட்டு இருக்குக்கா. செலவு பண்ணாலும் நிக்காது. புதுசு வாங்கிக்கங்க."

எனக்கு அது போதும். என் கணவருக்குப் போதவில்லை. மெக்கானிக் படியிறங்கியதும் மானிட்டரின் இடது கன்னத்தில் உள்ளங்கையால் ஒன்று வைத்தார். நீலம் வந்துவிட்டது. அன்றிலிருந்து தினமும் அதே வைத்தியம்தான்.

"நல்லாத்தான ஓடுது. எதுக்கு மாத்தணும்?" என்பார்.

"தட்டாம ஓடுனாத்தாங்க நல்லா ஓடுதுன்னு அர்த்தம்."

"உன்னையக்கூட மூணு தடவ கூப்ட்டாத்தான் திரும்பிப் பாக்குற. மாத்திட்டனா?"

அன்று முழுக்க நான் அவரோடு பேசவில்லை. மானிட்டரோடு அவர் பேசிக்கொண்டிருந்தார்.

இந்த லட்சணத்தில் எங்கள் மகனுக்குக் காதுகுத்து வந்தது. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். எனக்கிருப்பதோ ஒரே அண்ணன், ஒட்டன்சத்திரத்தில் காய்கறி மண்டி வைத்திருப்பவர். எங்கள் கிரகப்பிரவேசப் பத்திரிகையில் அவர் பெயர் மூன்றாவதாக வந்துவிட்டதென்று இரண்டு வருடமாகப் பேச்சில்லை. தட்டோடு போய் அழைத்தோம். தட்டை வாங்கிக்கொண்டு "பாக்கலாம்" என்றார். அவ்வளவுதான். அவர் வராவிட்டால் சபை நடுவில் நான் என்ன செய்வேன் என்று சோறு இறங்கவில்லை.

அண்ணன் மனசைக் குளிர வைக்க ஒரே வழி, மண்டப வாசலில் ஆளுயரத்துக்கு அவர் முகம். போட்டோவைக் கம்ப்யூட்டரில் ஏற்றினோம். அன்று பார்த்து மானிட்டர் எத்தனை தட்டியும் மசியவில்லை. அண்ணன் மஞ்சள்காமாலை வந்தவர் போலத் தெரிந்தார்.

"மூஞ்சில மட்டும் நீலத்த ஏத்துனா சரியாயிரும்" என்றார் கணவர். ஏற்றினார். திரையில் துளிதான் மாறியது. இன்னும் ஏற்றினார். "இன்னுங் கொஞ்சம்" என்று பின்னாலிருந்து சொன்னது நான்தான், அதை மறைப்பானேன். மானிட்டரை மாற்றாமல் என் அண்ணனை மாற்றிக்கொண்டிருந்தோம். திரையில் பழைய நிறம் வந்ததும் சி.டி.யில் போட்டு பிரஸ்ஸுக்கு அனுப்பிவிட்டோம்.

பிரஸ்காரர்கள் விடியற்காலையில் நேராக மண்டபத்துக்கே வந்து கட்டிவிட்டுப் போயிருந்தார்கள். முந்தின ராத்திரியே உள்ளே வந்துவிட்ட நாங்கள் வாசல் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. மேளச் சத்தம் கேட்டு, அண்ணன் வந்துவிட்டார் என்ற சந்தோஷத்தில் ஆரத்தித் தட்டோடு வாசலுக்கு ஓடினேன். அண்ணன் சீர்த்தட்டுக் கூட்டத்தோடு நின்றுகொண்டு அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். நானும் பார்த்தேன். பேனரில் அண்ணன் சட்டை, மீசை எல்லாம் சரி. முகம் மட்டும் சொட்டு நீலத்தில் முக்கியெடுத்த மாதிரி இருந்தது. எரியோடு ஊரிலிருந்து வந்த யாரோ ஒரு பாட்டி செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டுப் போனார். மேளம் தானாக நின்றது.

"ஏம் பாப்பா, என்னைய பாம்பு எதும் கடிச்சிருச்சா?" என்றார் அண்ணன்.

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "மானிட்டர் கெட்டுப்போச்சுண்ணே. இவரு மாத்த மாட்டேங்குறாரு."

அண்ணன் கணவர் பக்கம் திரும்பினார். "ஏனுங்க மாப்ள, கெட்டதுன்னு தெரிஞ்சுமா வச்சிருந்தீங்க?"

"தட்டுனா சரியாயிரும் மச்சான். தெனமும் தட்டித்தான் ஓட்டுறேன்."

அண்ணன் மறுபடி ஒரு தடவை பேனரை அண்ணாந்து பார்த்தார்.

"ஒரு டப்பாவுக்குத் தெனமும் வைத்தியம் பாக்குறீங்க. கோச்சுக்கிட்டுப் போன எனக்கு ரெண்டு வருசமா ஒரு போன் இல்லீங்களே."

சுருக்கென்றது. நான் ஆரத்தியை எடுக்கவே மறந்து நின்றேன். "சுத்து பாப்பா, கை வலிக்கும்" என்று அண்ணன்தான் ஞாபகப்படுத்தினார். உள்ளே போய் மடியை விரித்து உட்கார்ந்தார். காது குத்தும்போது பையனைவிட நான்தான் அதிகம் அழுதேன்.

போகும்போது பேனரையும் கழற்றிச் சுருட்டிக்கொண்டு போனார். நல்ல கெட்டி ஃப்ளெக்ஸ் என்றார். கேரளாவுக்குப் போகும் தக்காளி லாரிகளின் மேல் தார்ப்பாயாக ரொம்ப நாள் நீல முகத்தோடு படுத்துக்கிடந்தார்.

மறுவாரம் கணவரே போய்ப் புது மானிட்டர் வாங்கி வந்தார். வெள்ளை வெள்ளையாகத் தெரிந்தது. ஆனாலும் பழக்கதோஷத்தில் இடது கன்னத்தில் ஒன்று தட்டினார். அந்தச் சத்தம் கேட்டதும் நான் போனை எடுத்து அண்ணனுக்குப் போட்டேன்.

"என்ன பாப்பா, மறுக்கா கெட்டுப்போச்சா?"

"இல்லண்ணே" என்றேன். "சும்மாதான் கூப்ட்டேன்."